ரெஜிலா சொன்ன சாட்சி

புதுக்கடைக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சிறிய சபையில் பெண்கள் பொன் அணிவதில்லை. தாலிகூடக் கிடையாது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கும் அன்று கழற்றி வைத்தால், அதற்குப் பிறகு சாகும்வரை வெறும் கழுத்தும் வெறும் காதும்தான். ராகேல் 1983-ல் இறங்கினாள். கம்மலையும் தாலிச் சங்கிலியையும் கழற்றிக் கணவர் ராஜையன் கையில் கொடுத்தாள். ராஜையன் கொத்தனார். பழைய தேவாலயத்தையும் முழுதாக விடாமல், புதிய சபையிலும் முழுதாகச் சேராமல், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் மனிதர். மறுவருடம் அவர்களுக்கு ரெஜிலா பிறந்தாள். அவளுக்குக் காது குத்தவில்லை.

குத்தாத அந்தக் காதால்தான் அவள் பேரெடுத்தாள் என்று சொன்னால் இப்போதும் ஊரில் சிரிப்பார்கள். நடந்தது அதுதான்.

2004-ல் அவள் படிப்பை முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். வாங்க வந்தவர்கள் சேலையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டு முடிவெடுக்காமல் இருக்கும்போது, விற்கிற பெண் அதைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடிமுன் நின்று காட்ட வேண்டும். ரெஜிலா தோளில் போட்ட சேலை பெட்டிக்குத் திரும்புவது அபூர்வம். கொஞ்சம் உயரம், நீண்ட கழுத்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போன்ற ஒரு முகம். கூட நிற்கும் பெண்கள் அவளுக்கு எதிரே பழைய சேலைகளைத் தள்ளிவிட்டு, "ஏட்டி, இதையும் ஒண்ணு தோளில போட்டுத் தா, ரெண்டு வருசமா இஞ்ச கிடக்கு" என்பார்கள்.

ஓணத்துக்கு முன்னால் கடைக்கு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு வைக்க ஏற்பாடு. படம் எடுக்க நாகர்கோவிலிலிருந்து ஜான்ரோஸ் வந்திருந்தார். கடற்கரைக்காரர், மண்டைக்காட்டுக்கு அடுத்த ஊர், கல்யாண வீடுகளில் படம் எடுத்து வளர்ந்தவர். மாடியில் விளக்குகளை நிறுத்திவிட்டு அவர் காத்திருக்க, திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டிய மாடல் வந்து சேரவில்லை.

"முதலாளி, ஆளு பாறசாலைக்கு அங்கோட்டே கிடக்கா. கேரளத்துல இன்னைக்கு ஹர்த்தாலாக்கும். வண்டியை விடமாட்டாங்க."

"இதை நேத்தே சொல்லப்பிடாதா ஓய்?"

"ஹர்த்தாலு என்னைக்கு ஓய் நேத்தே சொல்லிட்டு வந்திருக்கு?"

முதலாளி சுற்றும்முற்றும் பார்த்தார். "அந்த ரெஜிலாவை மேல அனுப்பு" என்றார்.

ஜான்ரோஸ் அவளை விளக்கின்கீழ் நிறுத்தினார். பட்டு கட்டியாயிற்று. ஜிமிக்கி மாட்டப் போன மேக்கப்காரப் பெண் அவள் காதுமடலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அண்ணா, இதுல தொளையே இல்ல."

"தொளை இல்லாம என்ன? கண்ணைத் திறந்து பாரு."

"எனக்குக் காது குத்தல்ல" என்றாள் ரெஜிலா.

"எதுக்கு பிள்ளே?"

"நாங்க சபையாக்கும்."

ஜான்ரோஸ் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மாதாவே! ஒருத்தி பாறசாலையில கிடக்கா. கிடைச்சவ சபை." கண்ணிமை ஒட்டுகிற பசையை எடுத்து ஜிமிக்கியைக் காதில் ஒட்டினார்கள். அது விழும்முன் அரைமணி நேரத்தில் எடுத்து முடிக்க வேண்டியிருந்தது. எடுத்த படங்களை அன்று மாலை கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தவர் கடைக்கே ஃபோன் செய்து அவளைக் கேட்டார்.

"பிள்ளே, பொன்னு போட்டுப் பழகின கழுத்துல ஒரு தடம் கிடக்கும், காது கொஞ்சம் தொங்கிப் போயிருக்கும். உனக்கு ஒண்ணும் இல்ல. நகைக்கடைக்காரன் இப்படியொரு கழுத்தைத்தான் தேடிட்டு நடக்கான். வாறியா?"

ஓணம் கழிந்து இரண்டு மாதத்தில் நாகர்கோவிலில் ஒரு நகைக்கடைக்காக அவள் கழுத்து நிறையப் பொன்னோடு நின்றாள். பிறந்தது முதல் ஒரு குன்றுமணிப் பொன் படாத கழுத்து அது. போர்டுகள் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வந்தன. பிறகு புதுக்கடைச் சந்திப்பிலேயே, பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, இருபதடி உயரத்தில் ஒன்று.

ஜனவரி மாதம் சபையின் பாஸ்டர் ஞானசிங் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் முதல் ஆளாகப் போகிறவர். ராகேல் கொடுத்த கட்டன்சாயாவை முழுதும் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சகோதரி, பந்தி கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிறோம்."

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சபையில் கர்த்தரின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். அதைத்தான் பந்தி என்றார். தவறு செய்தது ரெஜிலா. ஆனால் அவள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவள். அவளிடமிருந்து நிறுத்திவைக்க ஒன்றும் இல்லை. ஆகவே தாயிடமிருந்து நிறுத்தினார்கள். மகள் சபைமுன் நின்று, செய்தது தவறு, இனி செய்யமாட்டேன் என்று சாட்சி சொல்லும்வரை ராகேல் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். ஆராதனைக்கு வரலாம், பாடலாம், ஜெபிக்கலாம். தட்டு அவளிடம் வராது. இந்த மாதிரி உலகக் காட்சிகளை அவள் கண்ணால் காணவும் கூடாது.

பாஸ்டர் போனபிறகு ரெஜிலா கேட்டாள். "அம்மா, நான் விட்டுரட்டா?"

ராகேல் மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். "உனக்க மனசுல தோணினா விடு மக்கா. எனக்க அப்பத்துக்காக விடாண்டாம்."

அடுத்த கிழங்கை எடுத்து, அதைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆனா நான் அங்க கடைசி பெஞ்சிலதான் இருப்பேன்."

இருபது வயதில் ரெஜிலா, அம்மா முதலில் சொன்னதை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது சொன்னதை எடுக்கவில்லை. பின்னாளில் அவள் தன்மீது வைத்த குற்றமெல்லாம் இது ஒன்றுதான்.

அதன்பிறகு ஏற்றம் வேகமாக இருந்தது. 2006-ல் திருவனந்தபுரத்தில் மணப்பெண் அலங்காரக் காட்சி ஒன்றில் மேடையில் நடந்தாள். அடுத்த வருடம் கொச்சி. எப்படி நடக்க வேண்டும் என்று அங்கே ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள்: தோள் அசையக்கூடாது, பார்வை கடைசி வரிசைக்கு மேலே இருக்க வேண்டும், சிரிக்கவே கூடாது. சபையில் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யார் முகத்தையும் பாராமல் நடந்து பழகியவளுக்கு அது கஷ்டமாக இல்லை. மணப்பெண்ணாக அவள் இருநூறு தடவையாவது உடுத்தியிருப்பாள். ஐயர் வீட்டு மணப்பெண், நாயர் வீட்டு மணப்பெண், கத்தோலிக்க வீட்டு மணப்பெண். உண்மையில் அவளைப் பெண்கேட்டு வந்த இரண்டு இடங்களும் புதுக்கடைச் சந்திப்பில் இறங்கி, போர்டைப் பார்த்து, அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டன.

நாகர்கோவில்காரர்களுக்கும் கொச்சிக்காரர்களுக்கும் அவள் காது ஒரு தலைவேதனை. கிளிப் வைத்தார்கள், நூல் கட்டித் தொங்கவிட்டார்கள், பசை போட்டு ஒட்டினார்கள். பசை பட்டுப் பட்டு மடலின் பின்புறம் தோல் உரிந்து எரியும். "ரெண்டு நிமிச வேலை, குத்திக்க" என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் குத்திக்கொள்ளவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் ராகேல் பேசாமல் பக்கத்தில் வந்து அவள் தலைமுடியை ஒதுக்கி, இரண்டு காதுமடலையும் விரலால் தடவிப் பார்ப்பாள். துளை இல்லை என்று கண்டதும் சோறு போடப் போவாள். அவ்வளவுதான் அவர்கள் அந்தத் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டது.

ராகேல் அந்த போர்டைப் பார்த்ததில்லை. சந்திப்புக்குப் போகாமல் ரேஷன் கடைக்குப் போக, தோப்புக்குள்ளே ஒரு வழி உண்டு. அரைமணி நேரம் கூடுதல். எட்டு வருடமும் அந்த வழியாகவே போனாள். ஒரு தடவை ராஜையன் கோபப்பட்டார்.

"ஏட்டி, ஊருல எல்லாவனும் அண்ணாந்து பாத்திட்டுப் போறான். பெத்தவ நீ பாத்தா கண்ணு அவிஞ்சிருமா?"

"பாக்கப்பிடாதுன்னு சொன்னாங்கல்லா."

"போர்டைப் பாக்கப்பிடாதுன்னு ஆரு சொன்னா? பாஸ்டரு அந்த போர்டுக்குக் கீழதான் பஸ்ஸுக்கு நிக்காரு."

"அவரு நிக்கட்டும்" என்றாள் ராகேல். "நான் பந்திக்குத் திரும்பப் போவணும்."

2009-ல் சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ரெஜிலாவைக் கூப்பிட்டார்கள். நகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான். கதையில் பெரிய ரைஸ்மில் ஒன்று வரும். அந்த வீட்டின் மூத்த மருமகள் வேடம். மில்லைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளத் திட்டம் போடுகிற, மாமனாரின் பாலில் மாத்திரை கலக்கிற, கழுத்து நிறைய நகையோடு தூங்கி எழுகிற மருமகள். முதல்நாள் படப்பிடிப்பில் அவள் வசனம் பேசியதும் டைரக்டர் கட் சொன்னார்.

"என்னம்மா, மலையாளமா?"

"இல்ல சார். தமிழ்தான். கன்னியாகுமரி."

"பாட்டுப் பாடற மாதிரி இருக்கு. இன்னொரு தரம் நேராப் பேசு."

நேராகப் பேசினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு தொடருக்கு முயன்றபோது அங்கே உள்ளவர்கள் இவள் பேசுவது தமிழர்கள் பேசுகிற பாண்டி மலையாளம் என்று சிரித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் அவளுக்குப் பேச்சு இல்லை. "பரவால்ல, வாயை மட்டும் அசை, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று டைரக்டர் முடித்துவிட்டார். அவளுக்குக் குரல் கொடுத்த பெண்ணை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. கனத்த, அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல். அந்தக் குரலுக்காகவே தொடர் பேர் வாங்கியது என்று பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். படம் மட்டும் ரெஜிலாவுடையதைப் போட்டிருந்தார்கள்.

நான்கு வருடம் ஓடியது. சென்னையில் கடைக்குப் போனால் பெண்கள் அவளைத் திட்டினார்கள். அது வெற்றி என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சபை வீடுகளில் டிவி பெட்டி கூடாது என்பது விதி. ஆகவே ஊரில், குறைந்தபட்சம் தன் ஆட்களுக்குள்ளே, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அவள் நம்பினாள். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, சொல்லத் தெரியாத ஒரு குறையும் இருந்தது.

2013 மழைக்காலத்தில் ராஜையன் ஃபோன் செய்தார். "அம்மைக்கு வயித்துல கட்டி. திருவனந்தபுரத்துல பாத்தாச்சு. இனி கொண்டு வராண்டாம்னு சொல்லிட்டாங்க."

ரெஜிலா வந்தாள். ராகேல் பாதியாகியிருந்தாள். மகளைக் கண்டதும் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டிக் காதைத் தடவினாள். பிறகு, எட்டு வருடம் சொல்லாததை ஒரே வரியில் சொன்னாள்.

"நான் பந்தியில இருந்து சாவணும் மக்கா."

வேறு எதுவும் கேட்கவில்லை. வலிக்கு ஊசி கேட்கவில்லை. பேரப்பிள்ளை இல்லையே என்றும் சொல்லவில்லை. ரெஜிலா முற்றத்துக்கு வந்து நின்றாள். ராஜையன் பின்னாலேயே வந்தார்.

"நீ விடாண்டாம். எட்டு வருசமா ஒரு துண்டு அப்பம் தராதவனுக முன்னால நீ போய் எதுக்கு நிக்கணும்?"

"அவனுகளுக்காக இல்ல அப்பா."

"பொறவு ஆருக்காக? கர்த்தருக்கு உனக்க சீரியலா வேலை?"

அவள் சென்னைக்கு ஃபோன் செய்தாள். இனி வரமுடியாது என்றாள். தயாரிப்பு நிர்வாகி, "எத்தனை நாளைக்கும்மா?" என்றார். எப்போதுமே இல்லை என்றாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. "சரி, வேற முகம் போட்டுக்கறோம்" என்றார்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. ராகேலை ஆட்டோவில் கொண்டுவந்து, வாசலையொட்டி, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ராஜையன் வெளியே கதவுப்பக்கம் நின்றார். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஞானசிங் ரெஜிலாவைக் கூப்பிட்டார். வெள்ளைச் சேலையில், தலையில் முக்காட்டோடு அவள் முன்னால் போய் நின்றாள். ஆயிரம் பேருக்கு முன்னால் மேடையில் நடந்தவள் நாற்பது பேருக்கு முன்னால் முக்காட்டை மறுபடி மறுபடி இழுத்துவிட்டாள். மைக் வைக்கவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றாள். "நான் ராகேலுக்க மவ ரெஜிலா. எட்டு வருசத்துக்கு முன்னால நான்..."

மெலிந்த, சற்றே கரகரத்த குரல் அது. புதுக்கடை ராகம் அப்படியே இருந்தது.

பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்த ரத்தினம் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். ராகேல் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி அவள், ரெஜிலாவுக்குச் சித்தி முறை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதுபோல, கொஞ்சமும் குரலை அடக்காமல் சொன்னாள்.

"ஏட்டி, இது அவளுக்க சத்தம் இல்லியே!"

பக்கத்தில் இருந்தவளும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டாள். "அது வேற ஒருத்தியாக்கும் பேசுதது. இவ வாயை அசைப்பா, அவ்வளவுதான்."

அவர்களுக்கு முன் பெஞ்சில் இருந்த ஒருத்தி, "ஆங், நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று பாதி சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் இருமினார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்டரின் மனைவி மடியில் இருந்த வேதப்புத்தகத்தில் எதையோ தீவிரமாகத் தேடினாள். பாஸ்டர் ஒருமுறை மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"தொடர்ந்து சொல்லுங்க" என்றார்.

ரெஜிலா தொடர்ந்தாள். செய்தது தவறு என்றாள். அந்த வேலையை விட்டுவிட்டேன், இனி போகமாட்டேன் என்றாள். விட்டது நிஜம் என்பதால் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. சிலர் ஆமென் என்றார்கள். பாஸ்டர் ஜெபித்தார். பந்தி தொடங்கியது. அப்பத் தட்டு பெஞ்சு பெஞ்சாக வந்தது. மூன்றாவது பெஞ்சில் ரத்தினம் எடுத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக்கொண்டாள். கடைசி பெஞ்சு முடிந்ததும் பாஸ்டரே தட்டை வாங்கிக்கொண்டு, எட்டு வருடத்துக்குப் பிறகு, ராகேலிடம் வந்து குனிந்தார்.

ராகேல் தட்டைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"எல்லாருக்கும் குடுத்தாச்சா பாஸ்டரே?"

"ஆச்சு சகோதரி. நீங்கதான் பாக்கி."

"ரத்தினத்துக்குக் குடுத்தாச்சா?"

பாஸ்டர் தட்டை இன்னும் கொஞ்சம் நெருக்கி நீட்டினார். ராகேல் தலையைத் தூக்கிப் பெண்கள் பக்கம் பார்த்தாள். நோயாளியின் குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ரத்தினம். நீ எனக்க பிள்ளையக் கண்டியா?"

ரத்தினம் எழுந்திருக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"பயப்படாண்டாம்ட்டி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நாலு வருசமா எனக்கு அடுத்த வீட்டுல இருந்து நீ கண்டிருக்க. நான் காணல்ல. அதான் கேக்கேன். எப்படி இருந்தா?"

ரத்தினம் குனிந்த தலையோடு சொன்னாள். "நல்லா இருந்தா அக்கா. பச்சைப் பட்டுலதான் ரொம்ப நல்லா இருந்தா."

"ஆங்" என்றாள் ராகேல்.

கொஞ்ச நேரம் அந்தப் பச்சைப் பட்டை மனதுக்குள் பார்ப்பதுபோல இருந்தாள். பிறகு தட்டின் விளிம்பை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளினாள்.

"பாஸ்டரே, காணப்பிடாதுன்னு சொன்னிய. நான் காணாம இருந்தேன். கண்டவிய முன் பெஞ்சுல இருந்து தின்னாங்க. இதை இனி எனக்கு எதுக்கு?"

"சகோதரி, அப்படிச் சொல்லக்கூடாது. இது மனுசர் தாறது இல்ல."

"மனுசருதானே நிறுத்தினிய" என்றாள். வாசல்பக்கம் பார்த்து, "இஞ்ச பாருங்க, ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றாள்.

வழியெல்லாம் ரெஜிலா அழுதுகொண்டு வந்தாள். வேலையை விட்டதற்கா, தாய் அப்பத்தைத் தள்ளியதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆட்டோ சந்திப்பில் நின்றபோது ராகேல் வலியோடு எட்டிப் பார்த்தாள். போர்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டுக்கம்பி விளம்பரம் இருந்தது.

"இஞ்சயா வச்சிருந்தாங்க?"

"ஆமா அம்மா. மாத்திப் பல வருசம் ஆச்சு."

மறுநாள் ராஜையன் யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு டிவி வாங்கிவந்தார். கேபிள்காரரைக் கூட்டிவந்து, கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு, மாலைக்குள் எல்லாம் சரிசெய்தார். சிமெண்டைக் குழைக்கிற வேகத்தோடு அந்த வேலையைச் செய்தார். ரெஜிலா தடுத்தாள். "அப்பா, வேண்டாம். நான் சொல்லுகதைக் கேளுங்க."

"அவ ஒரு தடவையாவது காணட்டு."

"அதுல இனி..."

"நீ சும்மா இரி."

சரியாக ஏழரைக்குத் தொடர் ஆரம்பித்தது. ராகேலைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். ரைஸ்மில் வந்தது. மாமனார் வந்தார். மாடிப்படியில் பச்சைப் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக ஒரு பெண் இறங்கி வந்தாள். திரை அவள் முகத்தில் அப்படியே நின்றது. கீழே எழுத்து வந்தது: இவருக்குப் பதில் இனி இவர். புது முகம். சிவப்பாக, உருண்டையாக, அழகாக இருந்தாள். வாயைத் திறந்தாள். பழைய குரல்.

ராஜையன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"இது நீ இல்லியே" என்றாள் ராகேல்.

"இல்ல அம்மா. எனக்குப் பதிலா வந்தவ."

"சேலை உனக்குள்ளதா?"

"ஆமா."

"அந்தச் சத்தம்?"

"அது எனக்கும் இதே சத்தம்தான் அம்மா. நாலு வருசமும்."

ராகேல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனாரின் பால் டம்ளரில் அவள் எதையோ கலக்கினாள். விளம்பரம் வந்தது. ராகேல் கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்து மக்கா" என்றாள்.

பதினோராம் நாள் இறந்தாள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதைப் பற்றிப் பாஸ்டர் ஞானசிங் மூப்பர்களோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பந்தியை மறுத்தவர் என்பதால் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். ராஜையன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், தன் சொந்தப் பூமியில், தாமே குழிக்கு அளவெடுத்து, உள்ளே செங்கல் கட்டி, பூசி முடித்தார். பழைய தேவாலயத்துப் போதகர் ஒருவர் வந்து ஜெபம் சொன்னார். பாஸ்டரும் வந்தார், கடைசி வரிசையில் நின்றார். வந்தவர் நல்ல மனிதர்தான் என்று அன்றும் சிலர் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மாலை ரத்தினம் ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். ரெஜிலா பின்வாசல் படியில் இருந்தாள். ரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் ராகேலைப் பற்றிப் பேசினாள். பிறகு மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு சேலைத்தலைப்பைத் திருகிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"மக்கா, ஒண்ணு கேட்டா தெற்றா நினைக்கப்பிடாது. அந்த ரைஸ்மில்லு கடைசியில ஆருக்குக் கிட்டும்?"

ரெஜிலா தூக்குவாளியை வாங்கிப் படியில் வைத்தாள். வெளியே போகச் சொல்லலாம். உள்ளே இருந்து ராஜையன் கேட்டால் கொத்துக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் இந்தப் பூமியில், புதுக்கடைக்கு இந்தப் பக்கம், நான்கு வருடம் அவள் செய்த வேலையை ஒருநாள்கூட விடாமல் பார்த்தவர்களில் இவள் ஒருத்திதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எப்பலேருந்து பாக்கிய சித்தி?"

"முதல் நாளுலேருந்து மக்கா. நீ காரிலிருந்து இறங்கி மில்லுக்குள்ள வருவல்லா, அன்னைலேருந்து. ரூம் கதவை அடச்சிட்டு, சத்தத்தைக் குறைச்சு வச்சு. பாலுல மாத்திரை கலக்கின அன்னைக்கு நான் உன்னை அப்படி ஏசினேன்..." ரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டென்று கல்லறையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் ரெஜிலா. "பச்சைப் பட்டு கட்டின அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்? அதைச் சொல்லுங்க."

ரத்தினம் சொல்ல ஆரம்பித்தாள்.